நீலகிரி மாவட்டம்: மக்கள் வாழ்வும் பொருளாதாரமும்

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களை ஒட்டியுள்ள மலை மாவட்டம் நீலகிரி. தலைமையிடம் உதகமண்டலம், பேச்சு வழக்கில் ஊட்டி. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்கள் உள்ளன. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா இங்குதான் இருக்கிறது. சீசன் மாதங்களில் மலையேறி வரும் கூட்டத்தைப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் இங்கு வாழ்வோர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் 7,62,141 ஆக இருந்த மக்கள்தொகை 2011இல் 7,35,394 ஆகக் குறைந்தது. பிழைப்புக்காகக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனவர்கள் ஏராளம்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் இம்மலையின் பழங்குடிகள். ஹட்டி எனப்படும் ஊர்களில் வாழும் படுகர்கள் காலங்காலமாக உழவர்கள். கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்த பிறகு ஆங்கிலேயர் குடியிருப்புகளும், பின்னர் காப்பி, தேயிலைத் தோட்டங்களும் பரவின. அப்போது அழிந்த புல்வெளிகளும் சோலைக்காடுகளும் இன்றுவரை மீளவில்லை. அவற்றின் இடத்தில் சீகை மரமும் தைல மரமும் நிற்கின்றன.

பொருளாதாரத்தின் முதுகெலும்பு தேயிலை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் இதை நம்பி வாழ்கிறார்கள். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிய பச்சை இலையை அன்றைக்கே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் சூடேறிக் கருத்துவிடும். அதனால் விலை ஏறட்டும் என்று இலையை வைத்திருக்க வழியில்லை, கிடைத்த விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். மாதாந்திர இலை விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. குன்னூர் ஏலத்தில் தூள் விலை சரிந்தால் இலை விலையும் இறங்கும். பெரிய வாடிக்கையாளராக இருந்த சோவியத் ஒன்றியம் 1991இல் சிதறியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் விழுந்த விலையில் கடனாளியான குடும்பங்கள் பல. உரம், கூலி, மருந்து எல்லாம் ஏறிவிட்ட நிலையில், கட்டுப்படியாகும் குறைந்தபட்ச விலை வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் நியாயமானது.

கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மலைப்பூண்டு ஆகியவையும் விளைகின்றன. காலைச் சந்தைக்கு மேட்டுப்பாளையம் போய்ச் சேர வேண்டும் என்பதால், கேத்தி போன்ற பகுதிகளில் கேரட் அறுவடை நள்ளிரவில் தொடங்கும். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், உறைபனிக் காலத்திலும் தொழிலாளர்கள் மண்ணிலிருந்து கிழங்கைப் பிடுங்குகிறார்கள்.

பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்கள் இங்குள்ளன. மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலாவால் வருமானம் உண்டு. குடிநீர்த் தட்டுப்பாடும் நெரிசலும் குப்பையும் கூடவே வருகின்றன. 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (மின் அனுமதிச் சீட்டு) கட்டாயம். மழையும் இங்கே ஆபத்துதான். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்புவதை இனியும் பொறுக்க முடியாது. யானை, காட்டெருமை, கரடி ஆகியவை தேயிலைத் தோட்டத்துக்குள் வருவது அன்றாடச் செய்தியாகிவிட்டது.

1964 இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தரவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் (டான்டீ) தொடங்கப்பட்டன. ஓய்வு பெற்றதும் லைன் வீட்டை (தோட்டக் குடியிருப்பை) காலி செய்ய வேண்டும் என்பது அங்குள்ள தொழிலாளர்களின் பெரிய கவலை. கூடலூர், பந்தலூரில் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலங்களில் குடியிருப்போர் பலருக்கு இன்னும் பட்டா இல்லை; மின் இணைப்புக்குக்கூட அல்லாடுகிறார்கள். அரசு முதலில் கை வைக்க வேண்டிய வேலை இந்தப் பட்டா பிரச்சினைதான்.