கொல்லிமலைப் புழக்கடை

மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் கொல்லிமலை வீடுகளில் பேச்சு மாறிவிடும். காப்பிப் பழம் தை மாதத்தோடு பறித்து முடிந்திருக்கும். மிளகும் காய்ந்து மூட்டை ஏறியிருக்கும். இனி எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: முதல் கோடை மழை எப்போது? வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நிலத்தில் இப்போதே குழி தோண்டுவதா, இன்னும் பத்து நாள் பொறுப்பதா என்பதை அந்த மழைதான் முடிவு செய்யும். பள்ளிக்கூட வேலைக்காகச் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி, ஓய்வு பெற்ற பிறகும் இறங்க மனம் வராமல் இங்கேயே தங்கிவிட்டவள் நான். இந்த மலையைப் பற்றி நான் படித்தவற்றில் வல்வில் ஓரி உண்டு, கொல்லிப்பாவை உண்டு, அறப்பளீஸ்வரர் கோயில் உண்டு, சித்தர் குகைகள் உண்டு. புழக்கடையைக் காணோம். மலை மக்களின் அன்றாடச் சோறும் குழம்பும் அங்கிருந்துதான் வந்தன என்பதால் அதன் கதையை எழுதத் தோன்றியது.

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கொல்லிமலை. பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். ஊர்கள் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. காரவள்ளியில் தொடங்கும் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வருகிறது. மேலே இருக்கும் 14 ஊராட்சிகளின் பெயர்களும் ‘நாடு’ என்றே முடியும்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று. இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் ஏர் பூட்டும் காடு, சரிவில் கொத்தி விதைக்கும் காடு என்று அவர்களுடைய நிலம் பிரியும். இவை போக, வீட்டைச் சுற்றிய நிலம்.

என் பக்கத்து வீட்டுப் பாட்டியின் புழக்கடையைச் சொல்கிறேன். ஓரத்தில் பெரிய பலா. அதைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடி. அதன் நிழலில் காப்பிச் செடிகள். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற வழியில் வாழை. வேலியோரம் அன்னாசி, ஆமணக்கு, கல்யாண முருங்கை. பந்தலில் சௌசௌ. சமையல்கட்டுச் சுவரை ஒட்டி மஞ்சளும் இஞ்சியும். ஒரு எலுமிச்சை, ஒரு பப்பாளி, கறிவேப்பிலை. கோழிகள் எல்லாவற்றுக்கும் நடுவில். பார்ப்பவர்களுக்கு ஒழுங்கில்லாத புதர் மாதிரித் தெரியும். எந்தச் செடிக்கு எத்தனை மணி வெயில் வேண்டும் என்பது தெரிந்த கை நட்டது அது.

இதில் மூத்தது பலா. முள்ளூர் மன்னன் காரி, இந்த மலையின் அரசன் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றின் 209ஆம் பாட்டில் வருகிறது. பாடியவர் கல்லாடனார். அரசன் வீழ்ந்த செய்தியைச் சொல்லும் அதே இடத்தில், மலையின் பலாவையும் அவர் மறக்காமல் சேர்த்திருக்கிறார். ஓரியின் கோட்டை எங்கே இருந்தது என்று இன்று காட்ட முடியாது. பலா எல்லா வீட்டிலும் நிற்கிறது. பங்குனியில் அடிமரத்தில் பிஞ்சுகள் திரண்டு நிற்கும்போது, குழந்தைகள் அவற்றைக் கணக்கெடுத்து ‘இது எனக்கு, அது உனக்கு’ என்று பாகம் பிரிப்பார்கள்.

பலாவை நடுவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் நல்ல சுளை தின்றதும் கொட்டையைக் கழுவிக் காயவைத்துக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போவார்கள். பலாக்கொட்டை காய்ந்தால் போச்சு. ஈரம் இருக்கும்போதே, சில வாரங்களுக்குள், நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிட வேண்டும். பையில் முளைக்கவைத்து வெகுநாள் விட்டால் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். பிறகு மண்ணில் வைத்தாலும் மரம் தேறாது.

பாட்டியின் தோட்டத்தில் பலா, வாழை, மிளகு, மஞ்சள் எல்லாம் இந்த மண்ணின் பழைய உறவுகள். மற்றதில் பாதி கடல் கடந்து வந்தது. அன்னாசி, பப்பாளி, கொய்யா, மிளகாய், பரங்கி, சௌசௌ, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். போர்த்துகீசியர் வந்த பிறகுதான், 16ஆம் நூற்றாண்டு தொடங்கி, இவை ஒவ்வொன்றாக இந்தியாவுக்குள் நுழைந்தன. சங்கப் புலவர் யாரும் கொல்லிமலையில் அன்னாசியைப் பார்த்திருக்க முடியாது. இன்று சோளக்காடு சந்தையில் பலாவுக்கு இணையாக அதுதான் குவிந்து கிடக்கிறது. மலைப்பெண்கள் புதுச் செடியை மறுத்தவர்கள் இல்லை. வேலியோரத்தில் ஒரு இடம் கொடுத்து, சில வருஷம் பார்த்து, பிடித்தால் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். தோட்டக்கலையில் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

காப்பியின் கதை வேறு. சேலம் சீமை 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியும் ஆப்பிள், பேரி போன்ற பழமரங்களும் நட்டார். ஏற்காட்டில் எஸ்டேட்டுகளும் பங்களாக்களும் எழுந்தன. கொல்லிமலைக்கு அந்தக் கதி வரவில்லை. காரணம் மலைக்காய்ச்சல். மலேரியா பிடுங்கும் மலை என்று பெயர் வாங்கியிருந்ததால் வெள்ளைக்காரர்கள் இங்கே குடியேறத் தயங்கினார்கள். மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் நாடு முழுக்க வந்ததே 1953-ல்தான். அந்தக் காய்ச்சல் எத்தனை தாய்மார்களையும் குழந்தைகளையும் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் நிலம் பெரிய எஸ்டேட்டுகளின் கைக்குப் போகாமல் தங்கியதில் அதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இங்கே காப்பி, வீட்டுப் பலாவின் நிழலில் சிறுகுடியானவரின் செடியாகத்தான் வளர்ந்தது.

இளவேனிலின் முதல் சந்தோஷமும் காப்பிதான். மொட்டுகள் மாசி முழுக்க உறங்கிக் கிடக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் ஒரு வாரம், பத்து நாளில் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். பூ நிற்பது இரண்டு மூன்று நாள்தான். அந்த நாட்களில் வாசல் கதவைத் திறந்தாலே வாசம். தேனீக்களின் இரைச்சல் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியாது, பிள்ளைகள் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். மழை அரைகுறையாகப் பெய்தால் மொட்டு பாதி விரிந்து கருகும். அதனால் அந்த முதல் மழையைப் பூமழை என்பார்கள். பின்னாலேயே இன்னொரு மழை வந்து பிஞ்சைக் காக்க வேண்டும்.

அந்தப் பூமழைதான் தோட்டக்காரரை ஏமாற்றுவதும். சாயங்காலம் இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டும். மண் வாசம் ஏறும். கையில் விதை வைத்திருக்கிற யாருக்கும் பொறுக்காது. மறுநாளே குழி தோண்டி, சுரை, பீர்க்கு, பூசணி எல்லாம் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு இருபது நாள் வெயில் காயும். முளைத்தது கருகும், முளைக்காததை எறும்பு இழுக்கும். புதிதாக மலைக்கு வேலைக்கு வருகிற குடும்பங்களில் இதை வருஷாவருஷம் பார்க்கிறேன். பாட்டி முதல் மழைக்கு மறுநாள் புழக்கடையில் இறங்கி, விரலால் மண்ணைக் குடைந்து பார்ப்பார். ஒரு சாணுக்குக் கீழே காய்ந்த மண் தட்டுப்பட்டால் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார்.

“அவசரப்படாதீங்க டீச்சரம்மா. இது தூசியை அடக்குற மழை. மண்ணு குடிக்கிற மழை இனிமேதான் வரும்.”

“அதுவரைக்கும் சும்மா இருக்கிறதா பாட்டி?”

“சும்மா ஏன் இருக்கணும்? குழி வெட்டுங்க, ஆறப்போடுங்க. மக்கின எருவா பாத்து எடுத்து வைங்க. மிளகுக் கொடியைப் பாருங்க.”

எருவைப் பற்றி அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. பச்சைச் சாணத்தை அப்படியே குழியில் போட்டால் சூடு வேரைத் தாக்கும், வெள்ளைப் புழுவும் வந்து சேரும். கோடையின் முதல் மழைக்குத்தான் மண்ணுக்குள் இருக்கும் வண்டுகள் வெளியே வருகின்றன. இரவில் விளக்கைச் சுற்றி மோதும் அந்தச் சிவப்பு வண்டுகள் முட்டையிட்டு, அதில் வரும் புழு வேரைத் தின்னும். மழை பெய்த இரவிலேயே வண்டுகளைப் பொறுக்கித் தண்ணீர்ப் பானையில் போட்டுவிடுவது இங்கே பிள்ளைகளின் வேலை. கோழிகளுக்கு மறுநாள் விருந்து. மிளகிலும் இதே பருவத்தில் ஒரு வேலை: அடியிலிருந்து தரையோடு படரும் ஓடுகொடிகளை வெட்டிக் கணுக்கணுவாகப் பதியம் போட்டு நிழலில் வேர்விட வைத்தால், வைகாசி ஆனியில் நடக் கன்று தயார்.

இன்னொரு பிழை, மொச்சையையும் அவரையையும் சித்திரையிலேயே விதைப்பது. முளைக்கும், கொடி வீட்டுக் கூரை வரை ஏறும், இலை இலையாகத் தள்ளும். பூக்காது. நம் நாட்டு ரகங்கள் பகல் குறுகும் பனிக்காலத்துக்குத்தான் பூ வைக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னதில் பகல் வெளிச்சத்தின் கணக்கும் இருக்கிறது. சித்திரையில் விதைத்து ஏழு மாதம் கொடியைக் காப்பதைவிட, விதையை அடுப்புப் புகையில் விட்டுவைப்பது மேல். பாட்டியின் அடுப்புக்கு மேலே சுரைக்குடுவைகள் தொங்கும். அவற்றுக்குள் சாம்பல் கலந்த விதைகள். துவரைக்கும் மொச்சைக்கும் செம்மண் பூசிக் காயவைப்பார். புகை ஏறிய விதையை வண்டு தொடுவதில்லை.

இவை சின்னப் பிழைகள். அடுத்த மழைக்குத் திருத்திக்கொள்ளலாம். பெரிய பிழை ஒன்று மலை முழுக்க நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. அந்த நெருக்கடியில், 1943 வாக்கில், சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் தொடங்கியது. பிறகு சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் பக்கமெல்லாம் ஆலைகள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனம் வந்தது. பாதை வந்து லாரி ஏறியதும் மலையிலும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பரவியது. அதுவரை சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளை அது எடுத்துக்கொண்டது. கையில் காசு பார்த்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காட்டோடு நின்றிருந்தால் சரி. குச்சி வீட்டுச் சுவர் வரை வந்தது. பந்தலைப் பிரித்து, காய்கறிப் பாத்தியை மேடாக்கி அதிலும் குச்சி ஊன்றினார்கள். சரிவில் கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது மேல்மண் தளர்ந்து அடுத்த மழையோடு போகும். கத்தரிக்காயும் கீரையும் சந்தையில் வாங்குகிற வழக்கம் மலைவீடுகளுக்கு வந்தது அப்போதுதான்.

ஒரே செடியை நம்புவதன் விலையும் தெரிந்தது. 2008-ல் கோவையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, தமிழ்நாடு முழுக்கப் பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளைப் பஞ்சாக மூடியது. மருந்துக்கு அது அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே தணிந்தது. வாழையிலும் இதே பாடம்: கீழ்ப் பழனி மலையின் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் ஏறக்குறைய அழித்தே விட்டது. அந்த நோய் ஊர் விட்டு ஊர் போவது நாம் அன்போடு தூக்கிச் செல்லும் வாழைக்கன்றில்தான்.

அழிந்துபோகாமல் இருந்தவற்றுக்குப் பெண்களே காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே வேலை தொடங்கியபோது, சடஞ்சாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச் சாமை, பெருந்தினை, செந்தினை என்று பழைய ரகங்களை வீடு வீடாகக் கேட்டுத் தேடி, விதை வங்கிகள் வைத்தது. காட்டில் குச்சிக்கிழங்கு நின்ற காலத்திலும், நோம்பிச் சோற்றுக்கென்று வீட்டோரத்தில் ஒரு துண்டு சாமை போட்டவர்கள் விதையை விடவில்லை. பாட்டி இன்றும் போடுகிறார். உரலில் குத்த ஆளில்லாமல் போனதுதான் சாமைக்கு வந்த முதல் கேடு என்பது அவர் கருத்து. குத்தும் வேலையை மிஷின் எடுத்துக்கொண்ட ஊர்களில் மறுபடி சாமை தலைகாட்டுவதைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

இப்போது புழக்கடைக்கு வந்திருக்கும் புதிய ஆள் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து காப்பி, தேயிலைக்கு நிழலாக வந்த மரம். சீக்கிரம் வளரும், மிளகு ஏறும், வெட்டினால் காசு. அதற்காகக் காய்க்கிற பலாவை வெட்டுகிறார்கள். இந்த ஒன்றை மட்டும் நான் எதிர்க்கிறேன், போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறேன். பலா சோறு போடும், மாட்டுக்குத் தழை போடும், நிழலும் போடும், மிளகையும் தாங்கும்.

மலைக்குக் கன்று வழங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பங்குனி வெயிலில் கொண்டுவந்து இறக்காதீர்கள். மண் நனைந்த வைகாசிக்குப் பிறகு கொடுங்கள், பலாவும் சேர்த்துக் கொடுங்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று: கீழிருந்து வாழைக்கன்று எதையும் மலைக்குக் கொண்டுவராதீர்கள். திரும்பும்போது சோளக்காட்டில் பழம் விற்கும் அம்மாவிடம் ஒரு கைப்பிடி மொச்சை விதை கேட்டு வாங்கிப் போங்கள். ஆடியில் ஊன்றுங்கள்.