பண்டுவத்துக்கு என்ன கூலி?

முத்துலட்சுமி ரெட்டி என்றதும் புதுக்கோட்டைக்காரர்கள் நேரே மகாராஜா கல்லூரிக்குப் போய்விடுவோம். ஒரு பெண் அங்கே சேருவதா என்று ஊர் எதிர்த்ததும் மன்னர் இடம் கொடுத்ததும் மேடையில் சொல்ல வாகான கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் தங்கையின் கதை. மருத்துவம் படித்த அக்கா பக்கத்தில் இருந்தும் தங்கை புற்றுநோயில் போனார். அந்தச் சாவின் தொடர்ச்சிதான், இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியில் 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு திறந்த புற்றுநோய் மருத்துவமனை. மறு ஆண்டு அங்கு சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-ல் இறக்கும்வரை அதைவிட்டு அகலவில்லை. தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவ வரலாற்றில் பெண்கள் பெயர்தான் முன்னால் நிற்கிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் படுக்கைகளுக்குக் கணக்கு இருக்கிறது. “இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பப்பட்டவர்களுக்குக் கணக்கு இல்லை. அந்த வீட்டுக்குள் இரவில் விழித்திருந்தவர் யார், புண்ணைக் கழுவியவர் யார் என்று எந்த ஆவணமும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பண்டுவம் என்று பெயர். மருந்து கொடுப்பது, ஒத்தடம் வைப்பது, பீ மூத்திரம் அள்ளுவது எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். அழகான சொல், ஆனால் அதற்குள் கூலி என்ற பொருளே கிடையாது.

அரசாங்கம் பெண்களின் வீட்டு வாசலுக்கு வந்த வரலாறும் விசித்திரமானது. 1952-ல் குடும்பக் கட்டுப்பாடு அரசுத் திட்டமாயிற்று. அதன் பிறகு நம் தெருக்களுக்கு நர்சம்மா வந்ததெல்லாம் பெரும்பாலும் கர்ப்பப்பையைத் தேடித்தான். எத்தனை பிள்ளை, எத்தனையாவது மாசம், ஆபரேஷன் பண்ணியாச்சா என்ற கேள்விகளோடு அவருடைய நோட்டு முடிந்துவிடும். பிள்ளை பெறும் வயதைக் கடந்த கிழவிக்கு அந்த நோட்டில் பக்கமே இல்லை.

நர்சம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளர்களோடு கிராமச் செவிலியர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பி. சாய்நாத் எழுதி அது உலகறிந்த செய்தியாயிற்று. ஆண் துணைக்கும் பஸ்ஸுக்கும் காத்திராமல் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வாசலில் போய் இறங்கலாம் என்பது அந்தச் சக்கரங்கள் செய்த வேலை. வீடு தேடி வரும் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த சைக்கிளை விட்டுவிடுகிறார்கள்.

நோயாளியின் வலிக்கென்று வீட்டுக்கு ஆள் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் மருத்துவத்துக்கான மார்ஃபின்கூடக் கிடைப்பது அரிதாயிற்று. அந்தச் சட்டம் 2014-ல்தான் தளர்ந்தது. கேரளத்தில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை, ஊர்க்காரர்களே நோயாளியின் வீட்டுக்குப் போகும் இயக்கமாக வளர்ந்தது. இங்கே 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்களுக்கு அரசு வைத்த பெயர் தன்னார்வலர். தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய், அதுவும் சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. பெயரைத் தன்னார்வம் என்று வைத்துவிட்டால் கூலியைப் பற்றிய பேச்சு எழாது.

செவிலியர் வந்து போவது சில நிமிடம். மீதிப் பொழுது முழுவதும் யாருடையது? மறதிநோயில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பார்த்துக்கொள்பவர்களிலும் பெண்களே அதிகம். அரிமளத்தில் இதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. “நெதானம் தப்பிருச்சு” என்பார்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கும் நிதானம் தப்பியது. பொழுது சாய்ந்தால் “மாட்டப் புடிச்சுக் கட்டுங்கடி” என்று வாசலுக்கு ஓடும். கொட்டில் காலியாகி இருபது வருடம் ஆகியிருந்தது. “மாடு ஏது ஆத்தா?” என்று சித்தப்பாக்கள் நியாயம் பேசுவார்கள், அப்பத்தா கல்லை எடுக்கும். சின்னம்மாதான் ஆறு வருடம் பார்த்தார். அதை வேலை என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. சின்னம்மாவின் இடுப்பு போனபின் ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். முதல் மாதப் பணம் கட்டியபோது “இம்புட்டா?” என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். சின்னம்மா உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தார். சின்னம்மா செய்ததன் விலை அன்றுதான் அந்தக் கூடத்தில் முதன்முதலாக எண்ணாகச் சொல்லப்பட்டது.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். முதல் கேள்வி “என்ன ஆளுக?” என்பதுதான். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, விசாரித்த வீடுகளில் எல்லாம் அடுப்படிக்குள் விடலாமா என்பதுதான் முதல் கவலை. உடம்பைத் தொட்டுக் கழுவலாம், சோற்றுப் பானையைத் தொடக்கூடாது. தீட்டைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு விதிவிலக்கையும் தங்கள் வசதிப்படிதான் எழுதிக்கொண்டார்கள்.

அவர் அப்பத்தாவோடு வாதாடவில்லை. கொட்டிலுக்குப் போனார், கயிற்றை உதறும் சத்தம் கேட்க வைத்தார், “கட்டியாச்சு ஆத்தா, தண்ணியும் காட்டிட்டேன்” என்றார். அப்பத்தா சாப்பிட உட்கார்ந்துவிட்டது. நோயாளியின் உலகத்தைத் திருத்தாதே, அதற்குள் போ என்று மறதிநோய்ப் பராமரிப்புப் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். இவரிடம் சான்றிதழ் ஏதும் இல்லை. முந்திய மூன்று வீடுகளில் கற்றது என்றார். இருபத்துநாலு மணி நேர வேலை, மாதம் இரண்டு நாள் லீவு. நாங்கள் கட்டிய பணத்தில் ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை அவருக்குக் கொடுத்தது.

சட்டம் என்ன செய்கிறது? பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. ‘பிள்ளைகள்’ என்று அது சொன்னது மகன், மகள், பேரன், பேத்தியை. உண்மையில் பண்டுவம் பார்க்கும் மருமகள் அதில் இல்லை. 2019-ல் வந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் சேர்த்தது. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. மருமகளை அதில் சேர்த்தது உரிமை கொடுக்கவா, கடமையை ஏற்றவா என்று அப்போதே எங்களில் சிலர் கேட்டோம். மசோதா நிறைவேறவில்லை, அந்த மக்களவையோடு 2024-ல் காலாவதியாயிற்று. இந்த மாநிலத்தில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-லேயே நலவாரியம் அமைந்தது. அப்பத்தாவைப் பார்த்துக்கொண்டவருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. ஏஜென்சி அவரை ‘ஸ்டாஃப்’ என்று எழுதியிருந்தது, நாங்கள் ‘வீட்ல ஒருத்தி’ என்றோம். இரண்டிலும் தொழிலாளி என்ற சொல் இல்லை.

ஒருநாள் அவர் போனில் யாருக்கோ கஞ்சி ஆற்றும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரென்று கேட்டேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரை மகள் பார்த்துக்கொள்கிறாளாம். “பிளஸ் டூ படிக்கிறா மேடம். பரிச்சைக்கு மட்டும் லீவு கேட்டா ஏஜென்சில குடுப்பாங்களா?”