ஐந்தாம் இலக்கமும் ஐந்து மைக்ரோகிராமும்: டெக்ஸாமெத்தசோன் சோதனையின் வீழ்ச்சி குறித்து ஒரு மறுப்பு

மெலன்கோலியா எனும் கடுமையான மனச்சோர்வைப் பிற சோர்வுகளிலிருந்து ஹார்மோன் அளவைக் கொண்டே பிரித்தறியலாம் என்ற நம்பிக்கை 1980களில் எழுந்த வேகத்திலேயே சரிந்தது. எட்வர்டு ஷார்ட்டரும் மேக்ஸ் ஃபிங்கும் ‘எண்டோக்ரைன் சைக்கியாட்ரி’ (2010) நூலில் இதற்குச் சொல்லும் காரணம்: 1980இல் வந்த டி.எஸ்.எம்-3 எனும் மனநோய் வகைப்பாட்டுக் கையேடு மெலன்கோலியாவையும் ஏனைய சோர்வுகளையும் ‘மேஜர் டிப்ரஷன்’ என்ற ஒரே தலைப்பில் அடைத்தது. டெக்ஸாமெத்தசோன் கொடுத்த பிறகும் கார்டிசால் ஹார்மோன் அடங்காமல் நிற்கிறதா என்று பார்க்கும், மெலன்கோலியாவுக்கென வகுத்த சோதனை இந்தக் கலவையில் தோற்றது. குற்றம் வகைப்பாட்டினது, சோதனையினது அன்று என்பது அவர்கள் தீர்ப்பு. கம்பீரமான இந்த வாதம், கையேட்டையே எடுத்துப் புரட்டினால் தளர்கிறது.

டி.எஸ்.எம்-3இல் மெலன்கோலியா காணாமல் போகவில்லை. குறியீட்டு எண்ணின் ஐந்தாம் இலக்கத்தில் இருக்கிறது: 3 என்றால் மெலன்கோலியாவுடன், 2 என்றால் அது இல்லாமல், 4 என்றால் சைக்கோசிஸ் அறிகுறிகளுடன். 3 போட வேண்டுமானால் எதிலும் இன்பமின்மை, நல்லது நடந்தாலும் மனம் அசையாமை இரண்டும் கட்டாயம். அவற்றோடு காலையில் கூடும் வாட்டம், வழக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு, உடலசைவில் மந்தம் அல்லது பதற்றம், பசியின்மை அல்லது எடைக்குறைவு, மிதமிஞ்சிய குற்றவுணர்வு, இழவுத் துக்கத்திலிருந்து வேறுபட்ட சோர்வு ஆகிய ஆறில் குறைந்தது மூன்று வேண்டும். இது தளர்ந்த வேலி அன்று. விரும்பிய ஆய்வாளர் 3 போட்டவர்களை மட்டும் தனியே எடுத்துச் சோதித்திருக்கலாம்.

அந்த இலக்கப் பட்டியலோடு ஒரு சிறு குறிப்பும் உண்டு. சைக்கோசிஸும் மெலன்கோலியாவும் ஒருவரிடமே இருந்தால், மருத்துவ நோக்கில் எது முதன்மையோ அதை மட்டும் பதிய வேண்டும் என்கிறது அது. ஒரே இடத்தில் இரண்டு எண் எழுத முடியாது என்பதைத் தவிர இதற்கு உடலியல் நியாயம் எதுவும் தெரியவில்லை. ஆனால் டெக்ஸாமெத்தசோனுக்கு அடங்காமல் கார்டிசால் உயர்ந்து நிற்பது மிகக் கடுமையான, குறிப்பாகச் சைக்கோசிஸ் கலந்த சோர்வில்தான் அதிகம். 60 முதல் 70% வரை. இவர்களில் பலர் 4ஆம் எண்ணுக்குப் போய்விட்டால், 3ஆம் எண்ணில் எஞ்சியோரிடம் சோதனை மங்கித் தெரிவதில் வியப்பென்ன? எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று இன்று கணக்கெடுக்க வழியில்லை. சான்று மெலிந்த இடம்தான் இது. இருந்தும், வகைகளைச் சேர்த்துக் கட்டியதைவிட இப்படிப் பிரித்துப் போட்டதே கூடுதல் கேடு செய்தது என்று வாதிடுவேன்.

ஷார்ட்டரும் ஃபிங்கும் வருந்தும் சிதைவு நிகழ்ந்தது 1987 திருத்தப் பதிப்பில். ஐந்தாம் இலக்கம் நோயின் கடுமையைக் குறிக்கப் போயிற்று. மெலன்கோலியா தன் எண்ணை இழந்து பக்கத்துக் குறிப்பாயிற்று. குற்றவுணர்வு நீங்கி, முன்பு மருந்து போன்ற உடல்வழிச் சிகிச்சையால் நன்கு தேறியிருத்தல் ஓர் அளவுகோலாகப் புகுந்தது. முதன்முறை நோயுற்றவர் அதற்கு எங்கே போவார்? ஆனால் அதே ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பணிக்குழு, மேஜர் டிப்ரஷனில் இச்சோதனையின் உணர்திறன் ஏறத்தாழ 40–50% என்று எழுதிவிட்டது. அது தொகுத்த தரவுகள் முந்தைய ஆண்டுகளுக்குரியவை. ஆகவே திருத்தப் பதிப்பின்மேல் பழி போட முடியாது.

சிக்கல் சோதனையின் அளவீட்டிலேயே இருந்தது. 1968இல் மெல்போர்னில் பெர்னார்டு கேரலும் கூட்டாளிகளும் 2 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்தார்கள். 1981இல் மிச்சிகனிலிருந்து வந்த கேரல் குழுவின் கட்டுரை, நள்ளிரவில் 1 மில்லிகிராம் போதும் என்றது. மறுநாள் மாலை 4 மணிக்கோ இரவு 11 மணிக்கோ எடுத்த இரத்தத்தில் கார்டிசால் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் முடிவு பாசிட்டிவ். உணர்திறன் 67%, தனித்தன்மை 96%. அந்த 5, ஓர் ஆய்வகம் புரதப் பிணைப்பு முறையில் அளந்து நிறுத்திய 5. வெளி ஆய்வகங்களின் ரேடியோ இம்யூனோ அஸே கிட்டுகள் அத்தனை தாழ்ந்த அளவில் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எல்லைக்கோடு ஊருக்கு ஊர் நகர்ந்தது. போதாததற்கு எடைக்குறைவு, குடியை நிறுத்திய உடனான நாட்கள், ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் போன்ற மருந்துகள் எல்லாமே பொய் பாசிட்டிவைத் தரக்கூடியவை.

கேரலின் விழுக்காடுகளை அப்படியே ஏற்றாலும் சிக்கல் தீராது. சோதிப்போரில் பாதிப் பேர் மெலன்கோலியா உடையவர்கள் எனில், பாசிட்டிவ் வந்தோரில் 94% சரி. புறநோயாளிகள் 1,000 பேரில் 100 பேருக்கே அது உண்டு என்று வைத்துக்கொள்வோம்: மெய் பாசிட்டிவ் 67, பொய் பாசிட்டிவ் 36. மூன்றில் ஒன்றுக்கு மேல் பிசகு. எந்த வகைப்பாடு வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வார்டிலிருந்து ஓ.பி.க்கு இறங்கியபோதே சோதனை வலுவிழந்தது.

ஒன்றை ஷார்ட்டருக்கும் ஃபிங்குக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். பணிக்குழுவின் அந்த 40–50% மேஜர் டிப்ரஷன் முழுவதற்கும் சொல்லப்பட்டது. அதை மெலன்கோலியாவின் கணக்காகப் படிப்பது தவறு. வீழ்ச்சிக்கும் ஒரே ஆண்டைக் குறிக்க இயலவில்லை. 1981க்கும் 1987க்கும் இடையே படிப்படியாக நேர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதன் பிறகும் 2001இல் கோரியெலும் ஷ்லெஸ்ஸரும் 78 உள்நோயாளிகளின் 15 ஆண்டுத் தொடர்ச்சியை வெளியிட்டார்கள். கார்டிசால் அடங்காதோரிடம் தற்கொலை அபாயம் 26.8%, அடங்கியோரிடம் 2.9%. இதை மெலன்கோலியாவைத் தனிநோயாக்கும் சான்றாக எடுப்போர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த எண்கள் அபாயத்தைச் சொல்கின்றன, வகையைச் சொல்லவில்லை. 78 பேரை வைத்து அதற்கு மேல் இழுப்பதும் கூடாது.