பெரட்டு பொட்டான கதை

தோட்டத்தைப் பற்றி அச்சேறிய பழைய தமிழ் நூல்களில் ஒன்று ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சானது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் தலைகாட்டியதும் அதே ஆண்டுதான். பிறகு தேயிலையும் ரப்பரும் வந்தன. 1930களில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தொழிலாளருக்கென்றே பாட்டும் பிரசுரமும் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

எங்கள் சப்ரகமுவப் பக்கம் அப்படிப்பட்ட தாள்கள் அதிகம் தங்கவில்லை. லயத்துக் கூரை ஒழுகியது, கறையான் தின்றது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களோடு கொஞ்சம் போனது. 1977, 1983 கலவரங்களில் உடுத்த துணியோடு ஓடியவர்கள் புத்தகத்தையா தூக்குவார்கள்?

மிஞ்சியதைக் கணினியில் ஏற்றும் வேலை பிறகு வந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்கள். 2005இல் ஈழத்து நூல்களுக்காக நூலகத் திட்டம் பிறந்தது. தட்டச்சில் விழுந்தது கைப்பிழை. ஸ்கேன் செய்த படத்தை மென்பொருளே வாசிக்கத் தொடங்கியபோது விழுந்தது கண்பிழை.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற நான், எட்டியாந்தோட்டையில் இருந்தபடி இந்தப் பிழைகளைத்தான் திருத்துகிறேன். ரகரமும் கால் குறியும் மென்பொருளுக்கு ஒன்று. ‘கொழுந்து’ ‘கெரழுந்து’ ஆகும்; அது கண்ணில் குத்தும், திருத்திவிடலாம். ‘பெரட்டு’ ‘பொட்டு’ ஆவதுதான் ஆபத்து. பொட்டு நல்ல தமிழ்ச்சொல்; சொற்பிழை திருத்தி அதைத் தொடாது. “காலைப் பொட்டுக்குப் பிந்தியவளுக்கு அரைப்பேர்” (அரைநாள் கூலி) என்ற வரியை வெளியூர்க்காரர் வாசித்தால் நெற்றியைத்தான் நினைப்பார். விடிகாலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம் அங்கே காணாமல் போகிறது.

அடுத்தது புள்ளி. ஓலை கிழியும் என்று அந்நாளில் ஏடெழுதியவர்கள் புள்ளி வைக்கவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று மல்லுக்கட்டியது அதனால்தான். இன்று, ஸ்கேன் படத்தில் தூசு நீக்கும் கருவி புள்ளியையும் தூசென்று துடைத்துவிடுகிறது. ஓலைக்காலத்துத் தொல்லை கணினிக்குள் திரும்பி வந்திருக்கிறது. போதாததற்கு, 1978இல் தமிழ்நாட்டில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ‘னை’, ‘றா’ வடிவங்களும் மென்பொருளைத் தடுமாற வைக்கின்றன.

மென்பொருள் நாளுக்கு நாள் தேறி வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கவ்வாத்தும் (தேயிலைச் செடி வெட்டுதல்) செக்ரோலும் (பேர்ப் பதிவேடு) அரைப்பேரும் தெரிந்த கண்ணால் பார்க்காத தோட்டத்துப் புத்தகம் திருத்தப்பட்ட புத்தகம் அல்ல. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய சங்க மலர், பாட்டுப் புத்தகம் ஏதும் இருந்தால் எரித்துவிடாதீர்கள். படம் பிடித்து அனுப்புங்கள். மெய்ப்புப் பார்க்கும்போது, தோட்டத்தில் பேர் போட்ட பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.