வெவெஸ்ஸவிலிருந்து பேராதனைக்கு: ஊவாத் தோட்டங்களும் அரசியல் விஞ்ஞானக் கல்வியும்

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்துச் சித்தியடைந்த பதுளைத் தோட்டப் பிள்ளை அதே பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தால் எதை எதிர்பார்க்கலாம்? அப்பாடம் இந்நாட்டில் வளர்ந்த கதையோடு தோட்டத்தின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

பாடம் வருமுன்பே தோட்டத்துக்கு அரசியல் வந்துவிட்டது. 1940இல் லங்கா சமசமாஜக் கட்சியினர் முன்னின்ற வேலைநிறுத்தங்கள் ஊவாவெங்கும் பரவின. பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அந்தச் சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்துவதாகத் தோட்டத் துரையும் ஒப்புக்கொண்டார். அடக்க வந்த பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். விடியலில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து நின்றவர்கள், பிரதிநிதித்துவம் என்றால் என்னவென்று எந்த நூலிலும் வாசிக்காமலே அதை நடத்திக் காட்டினார்கள். சபை நீடிக்கவில்லை என்பதால் அதன் பெறுமதி குறைந்துவிடாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1942இல், இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ், அரசியலமைப்புச் சட்ட அறிஞர், டி.எஸ். சேனாநாயக்கவின் ஆலோசகராக இருந்து சோல்பரி அரசியலமைப்பின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். எந்தவொரு சமூகத்தையும் பிறருக்கில்லாத இடையூறுக்கு ஆளாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்றது அந்த அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியேற்றின. தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததற்கு ஆவணம் கேட்டது குடியுரிமைச் சட்டம். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் அதற்கு எங்கே போவது?

இச்சட்டங்களை எதிர்த்து நடந்த வழக்கே கோடாக்கன்பிள்ளை எதிர் முதநாயக்க. யார் பிரஜை என வரையறுப்பது பாராளுமன்றத்தின் இயல்பான அதிகாரம், அது ஒரு சமூகத்தை மட்டும் குறிவைத்ததாகாது என்ற தோரணையில் லண்டன் பிரிவிக் கவுன்சில் 1953இல் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது. அரசியலமைப்பு விரிவுரைகளில் இவ்வழக்கு 29ஆம் பிரிவின் பலவீனத்துக்கு உதாரணமாக வரும். விரிவுரையாளர் அதைச் சட்ட நுணுக்கமாகச் சொல்லிக் கடந்து போகலாம். பின்வரிசையில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கோ அது தன் பாட்டன் வாக்குச்சீட்டு இழந்த கதை. இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலான தூரத்தை உணர்வதுதான், என் கணிப்பில், அரசியல் படிப்பின் முதல் பலன்.

அரசியல் விஞ்ஞானத்துக்குத் தனிப் பேராசிரியர் பதவி பேராதனையில் 1969இல் வந்தது. அதில் முதலில் அமர்ந்தவர் ஏ. ஜெயரட்ணம் வில்சன். அந்தப் பல்கலைக்கழக வாசலை எட்டத் தோட்டப் பிள்ளைக்கு மேலும் காலம் பிடித்தது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் தொடங்கியும், தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு முழுமையாக வரத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. விஞ்ஞானம், கணிதம் படிக்கத் தமிழ்மொழி வசதி போதாமையால் கலைப்பிரிவுக்கே பலர் தள்ளப்பட்டார்கள். விரும்பி எடுத்தவர்களும் உண்டு.

இனி, நடைமுறை. பொதுப் பட்டம் மூன்றாண்டு, சிறப்புப் பட்டம் நான்காண்டு. முதலாண்டில் பல பாடங்கள். அந்தப் பெறுபேறே சிறப்புக்கற்கை கிடைக்குமா என்று தீர்மானிக்கும். உயர்தரத்துக் குறிப்புக் கொப்பி இங்கே உதவாது. பிளேட்டோ, ஹொப்ஸ், மார்க்ஸ் முதல் ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், பொது நிர்வாகம் வரை வாசிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் பரீட்சை எழுதலாம். தமிழில் மட்டும் வாசித்துத் தப்ப முடியாது. இதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லாத பாடசாலை அதற்கு அநியாயம் செய்கிறது.

அதிகாரப் பரவலாக்கம் பற்றிய விரிவுரைக்குச் சொந்த மாகாணமே சான்று. 1987இன் 13ஆம் திருத்தத்தால் வந்த மாகாண சபைகளில் ஆயுட்காலம் கடைசியாக முடிந்தது ஊவாவினுடையது, 2019 ஒக்டோபரில். அதற்கு முன் அங்கே தேர்தல் நடந்தது 2014 செப்டம்பரில். மறுபுறம், 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல் பாராளுமன்றம் சென்றார். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கால் பாராளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தெரிவானது அத்தேர்தலில்தான்.

பதுளையிலேயே 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைந்தது. தேயிலைத் தொழில்நுட்பமும் ஏற்றுமதி விவசாயமும் அங்குண்டு, அரசியல் விஞ்ஞானம் இல்லை. அதைப் படிக்கப் பதுளைப் பிள்ளை பேராதனை, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற வெளியூர்ப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் போக வேண்டும். போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது வெவெஸ்ஸவைத் தேர்ந்தெடுங்கள். பழைய தொழிற்சங்கத் தாள்களையும், வீட்டில் பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் இப்போதே பதிவு செய்யுங்கள்.