மன்னார் வளைகுடாக் கடற்கரைத் தூய்மைப் பணி

மன்னார் வளைகுடாக் கடற்கரைத் தூய்மைப் பணி என்பது இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலும், அதனை ஒட்டிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் பகுதிகளிலும் தன்னார்வலர்களைக் கொண்டு ஆண்டுதோறும் நடத்தப்படும் குப்பை அகற்றும் பணியைக் குறிக்கும். செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையில் கடைப்பிடிக்கப்படும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாளை ஒட்டி இது நடைபெறுகிறது. இது ஒரே அமைப்புக்கு உரிய விழா அன்று. கடலோரக் காவல்படை, வனத்துறை, உள்ளாட்சி அமைப்புகள், பள்ளி கல்லூரி மாணவர்கள், மீனவ மக்கள் ஆகியோர் தத்தம் இடங்களில் மேற்கொள்ளும் பணிகளின் தொகுப்பே இப்பெயரால் வழங்கப்படுகிறது. மணலில் கிடக்கும் குப்பையைப் பொறுக்குவது இதன் எளிய பகுதி. கடலடியில் பவளப்பாறைகளில் சிக்கிய வலைகளை எடுப்பது கடினமான பகுதி. அதனை முக்குளிக்கத் தெரிந்தவர்களால் மட்டுமே செய்ய இயலும்.

பின்னணி

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இராமேசுவரத்தை அடுத்த பகுதியிலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 சிறு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலும் சேர்ந்த இப்பூங்காவின் பரப்பளவு 560 சதுர கிலோமீட்டர் ஆகும். இத்தீவுகள் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. குருசடை, சிங்கில், புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு முதலியவை மண்டபம் தொகுதியைச் சேர்ந்தவை. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடல் மட்டத்துக்குக் கீழே சென்றுவிட்டன. 1989 இல் இப்பூங்காவை மையமாகக் கொண்டு 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2001 இல் அது யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வலையமைப்பில் சேர்க்கப்பட்டது.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இப்பகுதியில் 117 வகைப் பவளங்களைப் பதிவு செய்துள்ளனர். பவளத் திட்டுகளை அடுத்துக் கடற்புல் வெளிகள் பரந்துள்ளன. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவும், பேராமையும் இப்புல்வெளிகளை நம்பி வாழ்பவை. கடற்பசுவுக்கெனப் பாக்கு நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் தனிக் காப்பகம் ஒன்று 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

தூய்மை நாளின் வரலாறு

பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாள் 1986 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கியது. லிண்டா மாரனிஸ், கேத்தி ஓகாரா ஆகிய இருவர் இதன் முன்னோடிகள். குப்பையை அள்ளுவதோடு நில்லாமல், எந்தப் பொருள் எத்தனை கிடைத்தது என்று எண்ணி ஓர் அட்டையில் குறிக்க வேண்டும் என்பது தொடக்கம் முதலே இதன் விதியாகும். மூட்டையை நிறுத்துப் பார்த்தால் எடைதான் தெரியும்; அட்டையைப் பார்த்தால் குப்பை எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். குடிநீர்ப் புட்டியும் தின்பண்ட உறையும் மிகுந்தால் அது சுற்றுலாக் குப்பை. வலைத்துண்டும் மிதவையும் கயிறும் மிகுந்தால் அது தொழிற்குப்பை. பல இடங்களில் அட்டையை நிரப்பாமல் மூட்டைகளுடன் நிழற்படம் எடுத்துக்கொள்வதோடு பணி முடிந்துவிடுகிறது. இதனால் ஓராண்டின் குப்பையை அடுத்த ஆண்டுடன் ஒப்பிட வழியில்லாமல் போகிறது.

இந்தியாவில் 2006 ஆம் ஆண்டு முதல் இந்தியக் கடலோரக் காவல்படை இந்நாளை ஒருங்கிணைத்து வருகிறது. இராமநாதபுரம் கரையில் மண்டபத்திலுள்ள கடலோரக் காவல்படை நிலையம் இப்பொறுப்பை ஏற்கிறது. 2022 இல் இந்திய அரசு 75 நாட்களில் 75 கடற்கரைகளைத் தூய்மைப்படுத்தும் இயக்கம் ஒன்றை சூலை 5 முதல் செப்டம்பர் 17 வரை நாடு முழுவதும் நடத்தியது. அதன் நிறைவு நாளாகவும் இத்தூய்மை நாளே தேர்ந்தெடுக்கப்பட்டது.

இரு கடல்களும் காற்றும்

பாம்பன் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவும் வடக்கே பாக்கு நீரிணையும் உள்ளன. அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும், அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் இப்பகுதி மீனவர்கள் அழைப்பர். குப்பை ஒதுங்குவதும் இந்த இரு கடல்களின் இயல்பை ஒட்டியே அமைகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்து, மிதந்து வருபவற்றைத் தனுசுக்கோடியின் தென்கரையிலும் தீவுகளின் கடலை நோக்கிய பக்கத்திலும் ஒதுக்குகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே செப்டம்பரில் ஒரு நாள் செய்யும் பணி தென்கரைக்கு ஓரளவு பொருந்தும், வடகரைக்குப் பொருந்தாது. சனவரி, பிப்ரவரி மாதங்களில் வடகரையிலும் ஒரு நாள் தேவை என்பது காற்றை அறிந்த எவருக்கும் விளங்கும்.

தனுசுக்கோடி 1964 திசம்பர் புயலில் அழிந்த பின்னர், அங்கு செல்வோர் மணலில் செல்லும் வண்டிகளையே நம்பியிருந்தனர். 2017 இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. சிற்றுந்துகளிலும் பேருந்துகளிலும் வருவோர் தொகை பெருகியது, குப்பையும் பெருகியது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரையும் இதுவே. முட்டையிடும் மாதங்களில் இரவில் விளக்குடனும் கூட்டத்துடனும் கரையில் நடமாடுவது ஆமைகளைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், அக்காலத்தில் நடைபெறும் தூய்மைப் பணிகள் பகலில் செய்யப்பட வேண்டியவை. வலசை வரும் பூநாரைகளுக்காகத் தனுசுக்கோடிப் பகுதி 2025 இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

அக்கினி தீர்த்தம்

இராமேசுவரம் திருக்கோயிலின் கீழ்த்திசையில் உள்ள அக்கினி தீர்த்தக் கடற்கரையின் சிக்கல் வேறு வகையானது. இங்கு நீராடுவோர் பலர் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் உள்ளது. நனைந்த துணி மிதப்பதில்லை; அடியில் படிந்து மணலில் புதைகிறது. குச்சியால் கிளறினால் புடவையின் ஒரு முனை மட்டும் தெரியும். இழுத்தால் மணற்பாரத்துடன் வரும். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் இக்குப்பை உச்சத்தை அடைகிறது. 2025 இல் பன்னாட்டுத் தூய்மை நாள் செப்டம்பர் 20 அன்று அமைந்தது. மகாளய அமாவாசை மறுநாளான செப்டம்பர் 21 அன்று வந்தது. நாட்காட்டியில் ஒரு நாள் முன்பின்னாக இருந்திருந்தால் அவ்வாண்டு அள்ளிய துணியின் அளவு பலமடங்கு இருந்திருக்கும். முன்னோர் கடனுக்காகத் தொலைவிலிருந்து வருபவரிடம் தூய்மை பற்றிப் பேசுவது எளிதன்று. துணியைப் போடுவதற்குக் கரையிலேயே தொட்டி இருப்பதும், அதனைச் சுட்டிக்காட்ட ஆள் இருப்பதும் அறிவிப்புப் பலகையைவிடப் பயன் தருகின்றன.

நீருக்கடியில்

கடலில் தொலைந்த அல்லது கைவிடப்பட்ட வலைகள் பேய்வலைகள் எனப்படுகின்றன. நைலான் வலையும் நரம்பு வலையும் மட்குவதில்லை. அறுந்த பின்னரும் அவை மீன், நண்டு, ஆமை ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே உள்ளன. எனவே அலையால் உருட்டப்படும் வலை கிளைப் பவளங்களில் எளிதில் மாட்டிக்கொள்கிறது. ஒவ்வோர் அலைக்கும் வலை அசைந்து பவளத்தின் மென்தசையைத் தேய்க்கும், பின்னர் அவ்விடத்தில் பாசி படரும், கிளைகளும் ஒடியும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமடைந்து பவளங்கள் வெளிறிய நிகழ்வுகளுக்குப் பின், எஞ்சிய பவளங்களுக்கு இது கூடுதல் சுமையாகும்.

வலையை இழுத்து எடுக்கக்கூடாது என்பது இப்பணியின் முதல் பாடம். இழுத்தால் வலையோடு பவளமும் பெயர்ந்து வரும். கத்தியால் அல்லது கத்தரிக்கோலால் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு கிளையிலிருந்தும் விடுவித்து, பையில் இட்டு மேலே கொண்டுவர வேண்டும். பவளம் வலையின் மீதே வளர்ந்து அதனை உள்வாங்கியிருந்தால் அப்பகுதியை அப்படியே விட்டுவிடுவது முறை. வெட்டுபவரின் காலோ காற்றுக்குழாயோ வலையில் சிக்கும் அபாயம் எப்போதும் உண்டு. ஆகவே இருவர் இருவராகவே இறங்குவர். ஒருவர் வெட்ட மற்றவர் பார்த்துக்கொள்வார். கச்சான் காற்றில் நீர் கலங்கியிருக்கும் நாட்களில் இவ்வேலை நடவாது. இதனால் கடலடித் தூய்மை செப்டம்பர் நாளோடு பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. நீர் தெளிந்த மாதங்களுக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது.

கடலடியில் அகற்றப்படுவது வலை மட்டுமன்று. மண்டபம் பகுதியில் வணிகத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, வளர்ப்பிடத்திலிருந்து பரவிக் குருசடைத் தீவின் பவளங்களை மூடியது 2008 இல் ஆய்விதழில் வெளியானது. இப்பாசியின் சிறு துண்டும் மீண்டும் தளிர்க்கும் இயல்புடையது. எனவே கையால் பிடுங்குவோர் உதிரும் துண்டுகளையும் விடாமல் சேர்க்க வேண்டியிருக்கிறது. வனத்துறையினர் இதனைப் பலமுறை அகற்றியும் பாசி திரும்ப முளைத்ததைக் கண்டுள்ளனர்.

உரிமைச் சிக்கல்

தேசியப் பூங்காவின் தீவுகளில் வனத்துறையின் இசைவின்றி எவரும் இறங்கக்கூடாது. தூய்மைப் பணிக்கும் இவ்விதி பொருந்தும். இத்தீவுகளின் கடலடியை நன்கறிந்தவர்கள் யார் என்று பார்த்தால், அவர்கள் சங்கு குளிப்போரும் பாசி எடுக்கும் பெண்களுமே ஆவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கி இயற்கைப் பாசியைப் பறிக்கும் பெண்கள் தலைமுறைகளாக இத்தீவுகளைச் சுற்றியே தொழில் செய்தவர்கள். பூங்கா விதிகள் கடுமையானபோது இவர்களின் படகுகள் தடுக்கப்பட்டன. தாங்கள் பாசியை வேரோடு பிடுங்குவதில்லை என்பதும், மாதத்தில் சில நாட்களே தொழில் செய்வதாகத் தாங்களே வரையறுத்துக்கொண்டதும் இப்பெண்களின் வாதமாகும். காலால் மிதிபடும் பவளமும் கலங்கும் அடித்தரையும் வனத்துறையின் கவலைகள். பிழைப்புக்காக நுழைய மறுக்கப்பட்ட இடத்தில், குப்பை அள்ள மட்டும் வருமாறு ஒருவரை அழைப்பதில் உள்ள இடர்ப்பாடு சொல்லாமலே விளங்கும். 2000 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை, கடலோரச் சிற்றூர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்களை ஏற்படுத்தியது இவ்விடைவெளியைக் குறைக்கும் நோக்கிலேயே ஆகும்.

பிற நாட்டு ஒப்பீடு

இதனோடு ஒப்பிடத்தக்க பணி ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் நடைபெறுகிறது. அங்கு 2004 இல் கென் யேகர் என்னும் பாறையேறுநர் தொடங்கிய இப்பணியை யோசெமிட்டி பாறையேறுநர் சங்கம் நடத்துகிறது. அதுவும் செப்டம்பர் மாத இறுதியிலேயே நடைபெறுகிறது. கயிற்றில் தொங்கிச் செங்குத்துப் பாறைகளை அடையும் திறன் உடையவர்கள், பிறர் எட்ட முடியாத இடத்துக் குப்பையை எடுத்து வருகின்றனர். அங்கே பாறையேறுநர், இங்கே முக்குளிப்போர் எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. யோசெமிட்டியில் ஏறுவது பொழுதுபோக்கு. மன்னார் வளைகுடாவில் மூழ்குவது பிழைப்பு. ஒரு நாள் தூய்மைப் பணிக்கு வரும் சங்கு குளிப்பவர் அன்றைய வருவாயை இழக்கிறார். எனவே அவருக்கு நாட்கூலி கொடுப்பது தன்னார்வத்துக்கு இழுக்கு ஆகாது.

பிளாஸ்டிக் குருணை

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி மாவட்டக் கரைகளிலும், பின்னர் தனுசுக்கோடிக் கரையிலும் ஒதுங்கின. சில மில்லிமீட்டர் அளவுள்ள இக்குருணைகள் பார்வைக்குச் சவ்வரிசியையும் மீன்முட்டையையும் ஒத்தவை. இவற்றைக் கையால் பொறுக்க இயலாது. மணலோடு அள்ளிச் சல்லடையில் சலிக்க வேண்டும், அல்லது நீரில் இட்டு மிதப்பதை வடிக்க வேண்டும். ஓர் அலைவரிசையில் சலித்து முடிப்பதற்குள் அடுத்த ஏற்றத்தில் மேலும் வந்துசேரும். இவ்வகைக் குப்பைக்குக் காரணமானவர் அக்கரையில் எவரும் இல்லை.

அகற்றிய பின்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகை 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. மீன்வலை இத்தடையில் அடங்காது, அடங்கவும் முடியாது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஆகும். படகும் வலையும் பழுதுபார்க்கப்படும் இக்காலத்தில் பழைய வலைகள் கழிக்கப்படுகின்றன. அவற்றை விலைக்கு வாங்கினால் அவை கடலுக்குப் போகா என்னும் கருத்தில், கழிவு வலைகளை மீனவரிடமிருந்து பெறும் மையம் சென்னை காசிமேட்டில் தொடங்கப்பட்டது.

தீவுகளில் சேர்க்கும் மூட்டைகள் படகில் குந்துகாலுக்கோ மண்டபத்துக்கோ கொண்டுவரப்பட வேண்டும். உப்பும் மணலும் சிப்பியும் ஏறிய வலையை மறுசுழற்சி செய்வோர் விரும்பி எடுப்பதில்லை. கழுவி உலர்த்திப் பிரித்துக் கொடுத்தால் மட்டுமே எடுப்பர். அவ்வாறு செய்யாத மூட்டைகள் கரையிலேயே கிடந்து, அடுத்த காற்றில் பிரிந்து மீண்டும் கடலுக்குச் செல்வதும் உண்டு.