எத்தனை வாட் என்பது கடைசிக் கேள்வி

சீகிரியா உச்சியில் மூச்சு வாங்க நின்றபோது எங்களில் ஒருத்தர் சொன்னார்: "இங்க ஒரு ஆன்டெனா வச்சா மாத்தளை முழுக்கக் கேட்கும்!" எல்லாரும் சிரித்தோம். 1982-ல் உலக மரபுரிமைத் தலமான பாறை அது. ஆணிகூட அடிக்க முடியாது.

ஆனா அவர் சொன்னதில் விஷயம் இருக்கு. சின்ன எஃப்.எம். நிலையம் என்றதும் நாம் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் அதன் அடிவானம் சுமார் 22 கிலோமீட்டர். சீகிரியா மாதிரி 180 மீட்டர் என்றால் 55. வாட்டைக் கூட்டினாலும் அந்த அளவு நகராது. உயரம்தான் முதல் கருவி, அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இலங்கை வானொலியின் தொடக்கமே கிடைத்த பொருளை வைத்துச் செய்ததுதான். 1920-களில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ பாகங்களைக் கொண்டு டிரான்ஸ்மிட்டர் கட்டினார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஆனால் பேசியது கொழும்பு. கேட்டது நாடு.

அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டது மகாவலி சமூக வானொலி. மகாவலித் திட்டம் பல ஊர்களை இடம்பெயர வைத்தது. 1981-ல் யுனெஸ்கோ, டென்மார்க் உதவியுடன் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆரம்பித்த இந்த முயற்சியில், குழுக்கள் புதுக் குடியேற்றங்களுக்குப் போய்ப் பல நாள் தங்கின. கையில் டேப் ரெக்கார்டர். மக்கள் பேசினார்கள், பாடினார்கள், குறை சொன்னார்கள். நிலையம் வரும் முன்பே ரெக்கார்டர் ஊருக்குள் போனது. கொத்மலை நிலையம் 1989-ல்தான் வந்தது. 1999-ல் அங்கே இணையமும் சேர்ந்தது. நேயர்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் தேடிப் பார்த்துப் பதிலை ஒலிபரப்பினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அதுவும் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான் இயங்கியது. கொத்மலையைச் சுற்றித் தோட்டத் தமிழரும் வாழ்கிறார்கள். யாருக்கு எந்த மொழியில் எவ்வளவு நேரம் என்பதை டிரான்ஸ்மிட்டர் முடிவு செய்யாது. கென்யாவின் ஹோமா பே நகரில் 1982-ல் யுனெஸ்கோ உதவியுடன் மலிவான கருவிகளோடு ஒரு நிலையம் தொடங்கியது. 1984-ல் அரசு அதை மூடியது. பழுதானது கருவி இல்லை.

இந்தியாவிலும் கருவி வருவதற்கு முன் விதி வரவேண்டியிருந்தது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-ல். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி ஒலித்தது 2004-ல். தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது 2006-ல். அங்கே பொதுவான உச்ச வரம்பு 100 வாட் வீச்சுத் திறன், 30 மீட்டர் கோபுரம். ஒரு சின்னப் பகுதிக்கு அது போதும்.

சரி, வாங்கத்தான் வேண்டும் என்றால்? கேபிளில் மிச்சம் பிடிக்காதீங்க. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால் பாதிக்கு மேல் சக்தி ஆன்டெனாவைப் போய்ச் சேராது. வடிகட்டி இல்லாத மலிவு டிரான்ஸ்மிட்டர் வேண்டவே வேண்டாம். எஃப்.எம். 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, அதற்கு அடுத்தபடி விமானங்களின் அலைவரிசை. சீகிரியா பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கு! உரிமம் இல்லாத ஒலிபரப்பு குற்றமும்கூட.

இறங்கும்போது கண்ணாடிச் சுவரைப் பார்த்தோம். ஆயிரம் வருஷத்துக்கு முன் வந்து போனவர்கள் அதில் கவிதை கீறியிருக்கிறார்கள். அதில் 685-ஐப் பரணவிதான வாசித்து 1956-ல் நூலாக்கினார். அரசன் கட்டிய சுவர்தான், ஆனால் இன்று அதில் பேசுவது வழிப்போக்கர்கள்.

அதனால் எங்கள் பட்டியல் இப்படி: யார் பேசப் போறாங்க, பழுதானால் யார் சரி செய்வாங்க, உரிமம் யார் பெயரில், நல்ல ரெக்கார்டர் இரண்டு, உயரமான இடம், ஆன்டெனா, கேபிள், வடிகட்டி. வாட் அதுக்கப்புறம்.